ரேடியேட்டர் தண்ணீர் வடிக்கப்பட்டது

"பனிக்காலத்தில் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தவுடன் ரேடியேட்டர் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, வடித்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதி ஓட்டுநர் கையொப்பமிட வேண்டும்." நீலகிரியில் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருந்த அரசு உருளைக்கிழங்குப் பண்ணையில், டிராக்டர் கொட்டகைச் சுவரில் தொங்கிய தகரப் பலகையின் நான்காவது விதி இது. விடியலில் அந்தப் பலகைமேல் உப்பைத் தூவியதுபோல் பனி படிந்திருக்கும்; விரலால் துடைத்தால் விரல் முதலில் சுடும், பிறகு மரத்துப்போகும், அதற்குப் பிறகுதான் எழுத்து தெரியும். மற்ற விதிகளையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். யாரும் கேட்பதில்லை.

இப்போது நான் ஆக்லாந்தில், ரானுயியில், மகள் வீட்டில் இருக்கிறேன். ஜூலை மாதம், இங்கே அதுதான் குளிர்காலம். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழிகிறது, அதைத் துடைப்பதற்கென்றே ஒரு துண்டு ஒதுக்கி வைத்திருக்கிறோம். வாடகை வீட்டின் கூடம் பதினெட்டு டிகிரி வெப்பத்தை எட்ட வேண்டும் என்று இந்த நாட்டில் விதி இருக்கிறது; படுக்கையறைக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஆகவே விதியை மதிக்கும் நான் பகல் முழுவதும் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வீட்டுப் பிள்ளைகள் அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் மகள், "அம்மா, இது ஒரு குளிரா? சவுத் ஐலண்டுக்கு வந்து பாரு, அப்ப தெரியும்" என்று சொல்லிவிட்டு ஹீட் பம்பைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். அவள் கார் திரும்பியதும் நான் அதை அணைத்துவிடுகிறேன். குளிரைச் சமாளிப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. இந்த ஊரில் அதை யாரும் அனுபவமாக ஏற்றுக்கொள்வதில்லை.

எங்கள் பண்ணை இருந்தது ஊட்டியைவிடத் தாழ்வான குழியில். ஊட்டியில் பனி கொட்டினால் அது வழிந்து வந்து எங்கள் குழியில்தான் தேங்கும். அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்த குடியிருப்பு இரண்டு அறை, கூரை தகரம். தேங்காய் எண்ணெய் புட்டியில் கல்லாக இறுகி நிற்கும், அம்மா அதை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் எனக்குத் தலை வாருவாள். குழாயில் ஒன்பது மணிக்கு முன்னால் தண்ணீர் வராது. கரி போட்ட "குமுட்டி"யைச் சுற்றித்தான் சாப்பாடு, படிப்பு, சண்டை எல்லாம். பள்ளிக்கூடம் புறப்படும்போது அம்மா அதன் சாம்பலில் புதைத்து வைத்திருந்த இரண்டு உருளைக்கிழங்குகளை எடுத்து என் ஸ்வெட்டர் பைக்கு ஒன்றாகப் போடுவாள். ஒன்றரை மைல் தூரத்துக்கு அவை கைக்குச் சூடு, பள்ளிக்கூட வாசலில் வயிற்றுக்கு உணவு. பண்ணைக் கிழங்கை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று விதி இருந்தது. அழுகியதைக் கழித்துப்போட்ட குவியலிலிருந்து எடுக்கலாமா என்று விதி ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தில் இடைவெளி என்று ஒன்று இருப்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது அந்தக் குவியலில்தான்.

அப்பா அந்தப் பண்ணையின் டிராக்டர் ஓட்டுநர். ஒரே டிராக்டர், சாம்பல் நிறம், சின்ன உருவம், கூரையில்லாத இரும்பு இருக்கை. அதை அவர் "பெரியவ" என்றுதான் சொல்வார். நான் அவருக்கு ஒரே பிள்ளை. நான் பிறப்பதற்கு முன்பே டிராக்டர் வந்துவிட்டதால் அது எனக்கு அக்கா முறை. குளிர்காலக் காலையில் அம்மா விறகடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் வைப்பாள். முதல் இரண்டு வாளி ரேடியேட்டருக்கு, மிச்சம்தான் எங்களுக்கு. அப்பா வாளியைத் தூக்கும்போது அம்மா பின்னாலிருந்து சொல்வாள்: "கொண்டு போங்க, கொண்டு போங்க. மூத்தவ மொதல்ல குளிக்கட்டும். மனுசங்க நாங்க பொறவு பாத்துக்கறோம்."

அப்பா திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "அவ குளிச்சாத்தானே நீ சோறு திம்பே?"

மாலையில் நான்காவது விதி எங்களுக்குத் திருவிழா. அப்பா வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் பித்தளைத் திருகைத் திறப்பார். துருவும் எண்ணெயும் கலந்த வாசனையோடு ஆவி பறக்க வெந்நீர் கொட்டும். குடியிருப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே காத்திருப்போம். விறைத்த கையையும் வெடித்த காலையும் மாறி மாறி அந்தத் தண்ணீரில் காட்டுவோம். மொத்தம் இரண்டு வாளித் தண்ணீர்தான், எண்ணி நாற்பதுக்குள் தீர்ந்துவிடும். அந்த நாற்பதுக்குள் யார் எத்தனை எண்ணும் வரை நிற்பது என்பதில் எங்களுக்குள் நடந்த அடிதடியை நினைத்தால், பிற்காலத்தில் நான் பார்த்த பதவி உயர்வுத் தகராறுகள் எல்லாம் நாகரிகமானவை.

பதிவேட்டை எழுதியது நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்துப் போடுவார், வாக்கியம் எழுத வெட்கப்படுவார். தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது, கையெழுத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள். "மாலை 5.30. டிராக்டர் கொட்டகையில் நிறுத்தப்பட்டது. ரேடியேட்டர் தண்ணீர் வடிக்கப்பட்டது." தினமும் இதே மூன்று வாக்கியம். முதல் குளிர்காலம் ஆசையாக எழுதினேன். இரண்டாவது குளிர்காலத்தில் அலுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தினமும் ஒரே வாக்கியத்தை எழுதுவதற்கு ஏன் தினமும் உட்கார வேண்டும் என்று தோன்றி, வரப்போகும் வாரத்துக்கு முழுவதும் ஒரே மூச்சில் எழுதி, அப்பாவிடம் ஒரே மூச்சில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அப்பாவுக்குச் சிரிப்பு. "வேல மிச்சம் கண்ணு" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே. பின்னாளில் நான் மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது, இதே காரியத்தைச் செய்தவர்களுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூட என்னிடம் "அம்மா, நீங்கள் செய்ததில்லையா?" என்று கேட்கவில்லை.

அந்த ஜனவரியில் பண்ணை சூப்பிரண்டின் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஊட்டியிலிருந்து நாற்காலிகளும் பாத்திரங்களும் வர வேண்டும். டிராக்டரை அரசாங்க வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது முதல் விதி. அந்த விதியின் கீழ்தான் சூப்பிரண்டின் கையெழுத்தும் இருந்தது. அப்பா டிரெய்லரை மாட்டிக்கொண்டு மூன்று நடை போய் வந்தார். கடைசி நடை முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மேட்டின் மேலிருந்த சூப்பிரண்டின் பங்களா வாசலில், நாற்காலிகளை இறக்கும்போது நானும் அங்கே இருந்தேன், ஜிலேபி கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

"வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றார் சூப்பிரண்டு. "காலையில ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டாரை பஸ் ஸ்டாண்டுலேருந்து கூட்டி வரணும்."

"நிக்கட்டுங்க. தண்ணிய மட்டும் வடிச்சுட்டுப் போயிடறேங்க."

"வடிச்சா காலையில மறுபடி சுட வைக்கணும், ஊத்தணும், அதுக்கே ஏழாயிடும். ஒரு நாள்ல என்ன ஆயிடும்? கல்யாண வீடு. போப்பா."

"பனி விழுகுதுங்க."

"போன்னா போ."

அப்பா தலைக்குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒரு சாக்கை எடுத்து ரேடியேட்டர்மேல் போர்த்தி, அதன்மேல் தன் கம்பளியையும் போர்த்திவிட்டு என்னை அழைத்துக்கொண்டு இறங்கினார். எனக்கு ஜிலேபி கிடைத்திருந்தது. நான் வேறு எதையும் கவனிக்கவில்லை.

காலையில் புல் முழுவதும் வெள்ளையாக இருந்தது. கம்பளி பலகைபோல் விறைத்து நின்றது. அப்பா அதைத் தூக்கியபோது ரேடியேட்டரின் முன்பக்கம் பிளந்து, பிளவு வழியே ஐஸ் பிதுங்கியிருந்தது. அப்பா அதன்மேல் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. "கை ஒட்டிக்கப் போகுதுப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் காரில் வந்து சேர்ந்தார்கள். டிராக்டரை ஆட்களை விட்டுத் தள்ளி, சரிவில் உருட்டிக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

விசாரணைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் பார்த்தது இரண்டு பொருள்கள். ஒன்று, கொட்டகையில் வெடித்துக் கிடந்த ரேடியேட்டர். இன்னொன்று, அந்த வண்டி முந்தின மாலை ஐந்தரைக்கே கொட்டகைக்கு வந்துவிட்டதாகவும் தண்ணீர் வடிக்கப்பட்டுவிட்டதாகவும் மணிமணியான எழுத்தில் சொன்ன பதிவேடு. தள்ளிவந்த ஆட்கள் சூப்பிரண்டுக்கு எதிராகப் பேச மாட்டார்கள்; டிராக்டர் பங்களாவில் நின்றது என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் இல்லை. என் மூன்று வாக்கியம் சூப்பிரண்டை முழுவதுமாகக் காப்பாற்றிவிட்டது. கொட்டகையின் தகரச் சுவரில் இருந்த ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க."

"மேலே எழுதினது யார்?"

அப்பா பலகையைப் பார்த்தார். சூப்பிரண்டு தன் ஷூவைப் பார்த்தார்.

"நான்தானுங்க எழுதினேன். எழுதிப்போட்டு வடிக்க மறந்துட்டேனுங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் கொட்டகையில் நின்றதாக எழுதியது யார் என்பது. அதற்குப் பதில் நான். பத்து வயதுப் பெண்ணைப் பதிவேட்டின் முன்னால் நிறுத்த அவர் தயாராக இல்லை. ஒரு மாதத்துக்குள் உத்தரவு வந்தது: கவனக்குறைவுக்கும், அரசுப் பதிவேட்டில் பொய்ப் பதிவு செய்ததற்கும், ஓட்டுநர் பதவியிலிருந்து இறக்கம், விதைக்கிழங்குக் கிடங்கின் காவலாளி, டிராக்டரைத் தொடக் கூடாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து புது ஓட்டுநர் வந்தார். புது ரேடியேட்டரும் வந்தது. சமவெளி மனிதர், குளிரில் நடுங்கியபடி மாலையில் திருகைத் திறந்துவிட்டு ஓடிவிடுவார். கொட்டகையில் எனக்கு இடமில்லாமல் போயிற்று. "உங்கப்பாதான் பெரியவள ஒடச்சாரு, நீ தள்ளி நில்லு" என்று வரிசையிலிருந்து என்னை வெளியேற்றியவள், அதற்கு முந்தின வாரம் வரை என் கிழங்கில் பாதியைத் தின்றவள். அப்பாவோ, காவல் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்ததும், முன்போலவே அண்டாவிலிருந்து இரண்டு வாளி வெந்நீரை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வருவார். டிராக்டரைத் தொடத்தான் தடை. தண்ணீரைத் தொட உத்தரவில் தடை இல்லை. அம்மா அதன் பிறகு மூத்தவள் என்று கேலி பேசவில்லை. வாளியைத் தானே நிரப்பிக் கொடுத்தாள்.

அப்போதுதான் நான் மனு எழுதினேன். சென்னையில் இருந்த இயக்குநருக்கு, கோடு போட்ட நோட்டுத் தாளில், யாருக்கும் தெரியாமல். பதிவேட்டை எழுதியது நான், ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட்டேன், வண்டி பங்களாவில் நின்றது, அப்பா தண்ணீரை வடிக்கக் கேட்டபோது சூப்பிரண்டு ஐயா வேண்டாம் என்றார், நம்பாவிட்டால் இந்த எழுத்தையும் பதிவேட்டு எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும். என் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான மனுக்களைப் படித்திருக்கிறேன். ஆதாரத்தைத் தன் எழுத்திலேயே இணைத்து வந்த மனு அதுபோல் வேறொன்றைப் பார்த்ததில்லை.

ஆனால் அரசு நடைமுறை எனக்கு அன்று தெரியாது. எந்த மனுவும், அது யார்மீது புகாரோ அவருக்கே அறிக்கை கேட்டு அனுப்பப்படும். மூன்றாவது வாரம் என் நோட்டுத் தாள் ஒரு சிவப்பு எண்ணைச் சுமந்துகொண்டு சூப்பிரண்டின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா வீட்டுக்கு வந்து, குமுட்டியின் முன்னால் உட்கார்ந்து, வெகுநேரம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நீ எழுதுனியா கண்ணு?"

"ஆமாப்பா."

"எழுத்து ரொம்ப நல்லாருக்குன்னு சூப்பிரண்டு சொன்னாரு."

அவ்வளவுதான். திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எதையும் எழுதித் தரும்படி என்னைக் கேட்டதில்லை. ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால்கூடக் கிடங்கு எழுத்தரிடம் போனார். பதில் வரும் என்று காத்திருந்தேன். கோடையில் சூப்பிரண்டு மாற்றலாகிப் போனார். பதில் வரவில்லை. மனுவை அவர் இழுப்பறைக்குள் அமுக்கிவிட்டார் என்று முடிவு செய்தேன். அப்பா காவலாளியாகவே ஓய்வு பெற்றார். அவருடைய ஓய்வூதியத் தாள்களுக்காகப் பணிப்பதிவேட்டை நானே புரட்டியபோது, சிவப்பு மையில் "பொய்ப் பதிவு" என்ற வரி அப்படியே இருந்தது. அந்த வரியைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் இறந்துபோனார். நான் பேசினேன். அலுவலகச் சாப்பாட்டு அறையிலும், மகளிடமும், கேட்கக் கிடைத்தவர்கள் எல்லாரிடமும் அந்த சூப்பிரண்டின் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அவர் ஷூவை இன்னும் கொஞ்சம் பளபளப்பாக்கி.

சென்ற ஆண்டு மார்ச்சில் ரானுயிக்கு வடக்கே நடந்த விவசாயக் கண்காட்சிக்கு மகள் என்னை அழைத்துப்போனாள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் போட்டிக்குப் பக்கத்தில் பழைய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. மூன்றாவதாக நின்றது பெரியவள். அதே சாம்பல் நிறம், அதே இரும்பு இருக்கை. பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு நின்ற மனிதர் என் சேலையைப் பார்த்துவிட்டுத் தமிழில் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் சிவநேசன், வார நாட்களில் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பணிமனையில் மெக்கானிக், வார இறுதியில் இந்தக் கிழவண்டிகளுக்கு வைத்தியர்.

"தொட்டுப் பாக்கலாம் அக்கா. ஏறப்படாது, அதுதான் இங்கத்தைய விதி."

"எங்கே எழுதியிருக்கு?"

"எழுதேல்ல."

"எழுதாத விதி என்னைக் கட்டுப்படுத்தாது" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவநேசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பனிக்காலத்தில் தண்ணீரை வடிப்பீர்களா என்று கேட்டேன். "இப்ப ஒருத்தரும் வடிக்கிறேல்ல அக்கா. உறையாத பச்சை நிறத் தண்ணி ஒண்டு விக்கிறாங்கள். ஊத்திப்போட்டு வருசக்கணக்கா மறந்து போகலாம்." மூடியைத் திறந்து காட்டினார். பாசி நிறத்தில், வாசனையில்லாமல், அசையாமல் கிடந்தது. அதில் யாரும் கை நனைக்க முடியாது, விஷம்.

வழக்கம்போல அவருக்கும் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தாள் என்ன அறிக்கை எழுதினவர்?"

"எழுதியே இருக்க மாட்டார்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"இவ்வளவு சட்டம் கதைக்கிறீங்கள். ஒருக்காக் கேட்டுப் பாக்கேல்லையோ?"

எனக்குக் கோபம் வந்தது, அவர் சொன்னது சரி என்பதால். டிசம்பரில் கோயம்புத்தூர் போனபோது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதி, கோர்ட் வில்லை ஒட்டி, பதில் வரவேண்டிய முகவரியாக ரானுயியைக் குறிப்பிட்டு, என் பழைய மனு தொடர்பான கோப்பின் நகலைக் கேட்டேன். தண்டனைக் கோப்பு நிரந்தர வகை, அழிக்கக் கூடாது. அதற்கான பத்தி எண்ணையும் குறிப்பிட்டேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை. மேல்முறையீடு செய்தேன். அதன் கெடுவும் போனது. அந்த அலுவலகத்தின்மீது எனக்கு வருத்தமில்லை. நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பிறகு உறை வந்தது. உள்ளே மூன்று நகல்கள். முதலாவது என் நோட்டுத் தாள். எழுத்து இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது சூப்பிரண்டின் அறிக்கை, என் மனு அவருக்குக் கிடைத்த நான்காம் நாள் எழுதியது. "சிறுமி கூறுவது முழுவதும் உண்மை. டிராக்டரை என் குடியிருப்பில் நிறுத்தச் சொன்னது நான். ஓட்டுநர் ஆட்சேபித்தும் தண்ணீரை வடிக்க வேண்டாம் என்றது நான். பதிவேட்டைச் சிறுமி எழுதுவதை அறிந்தும் எழுத்து நன்றாக இருந்ததால் தடுக்கவில்லை. விசாரணையின்போது என் மகளின் திருமணத்தை எண்ணி மௌனமாக இருந்தேன். என்மீது நடவடிக்கை எடுக்கவும், ஓட்டுநரை மீண்டும் அவர் பணியில் அமர்த்தவும் வேண்டுகிறேன்."

மூன்றாவது தலைமை அலுவலகக் குறிப்பு, நான்கே வரி. "மனுதாரர் மைனர். பணியாளர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார். மேல் நடவடிக்கை தேவையில்லை. கோப்பில் வைக்கலாம்." கீழே ஒரு பிரிவு எழுத்தரின் சுருக்கொப்பம். விதிப்படி அதில் ஒரு பிழையும் காண முடியவில்லை. கடைசி இரண்டு வாக்கியங்களை முப்பத்து மூன்று ஆண்டுகளில் நான் எத்தனை கோப்புகளில் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன், அவற்றுக்குள் யார் யாருடைய அப்பாக்கள் இருந்தார்கள் என்பதையும். இறந்துபோன பணியாளரின் பணிப்பதிவேட்டில் ஒரு வரியை அடிக்க விதி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

மாலையில் மகள் வந்ததும் மூன்று தாளையும் அவளிடம் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும், "அப்போ அந்த சூப்பிரண்டு பத்தி நீ சொன்னதெல்லாம்?" என்றாள். "திருத்தம் செய்ய வேண்டும்" என்றேன். யார் யாரிடம் அந்தக் கதையைச் சொன்னேன் என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பெயர் சிவநேசன். பாதிப் பேர் உயிரோடு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். உறையின் வலது மூலையில், பணிக்காலப் பழக்கத்தில், பென்சிலால் குறித்திருக்கிறேன்: வரப்பெற்றது, ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை.